மாவுக்கட்டுக்குள் வளர்ந்த கால்

புடவைக்குள் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம் என்று நம்பிய குடும்பம் எங்களுடையது. நானும் நம்பினேன். (நான் கணக்கு டீச்சர் வேறு. கூட்டல் கழித்தலுக்கு மேல் புத்தி ஓடாத வயது.)

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மொபெட்டில் போகும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஆடு பிழைத்தது, என் கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், எலும்பும் கூடியது. கட்டைப் பிரித்த பிறகுதான் புதுச் சிக்கல். பாதம் அத்தனை நாளும் கீழ்நோக்கியே இருந்ததில் கெண்டைக்கால் தசை இறுகிப்போய், குதிகால் தரையைத் தொடவே மறுத்தது. ஒரு காலுக்கு மட்டும் குதி உயர்ந்த செருப்பு போட்டவள்போல வீட்டுக்குள் நொண்டினேன்.

எலும்பு டாக்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பாதத்தை வலி தாங்குமளவு மேலே வளைத்து, அப்படியே ஒரு மாவுக்கட்டு. ஒரு வாரம் கழித்து அதை வெட்டி எடுத்து, இன்னும் கொஞ்சம் வளைத்து, மறுபடி புதுக்கட்டு. இப்படியே வாராவாரம் இழுத்தால் தசை நீண்டு கொடுக்குமாம். நடப்பதற்குக் கட்டின் அடியில் ஒரு ரப்பர் குதியும் வைத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் செம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை பெயர் அமலன், உரக்கடை வைத்திருந்தார். ஏற்கெனவே கைகூடி வந்த ஓர் இடம் தட்டிப்போயிருந்ததால், அம்மா இதை விடுவதாக இல்லை.

"கால்ல கட்டுன்னு தெரிஞ்சா நொண்டின்னு முடிவே கட்டிருவாக. அவுக வாரதுக்கு முந்தியே நாற்காலியில உக்காந்துரு. போற வரைக்கும் எந்திரிக்காத" என்றார்.

பட்டுப்புடவையின் கொசுவத்தை விசிறிபோலப் பரப்பிக் காலை மூடினோம். காபியைச் சித்தி கொண்டுவந்தார். "எங்க வீட்டுல பொண்ணு கையில தட்டைக் குடுத்து நடக்கவிடற பழக்கமில்லீங்க" என்று அப்பா திடீர்ச் சீர்திருத்தவாதி ஆனார். (முந்தின நாள்வரை அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தது நொண்டிக்கொண்டிருந்த நான்தான்.)

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தார். நானும் பார்த்தேன். பிடித்திருந்தது. அதுதான் வினை. இந்த இடம் கெட்டுப்போனால் அம்மாவோடு சேர்ந்து நானும் அழ வேண்டியிருக்குமே என்ற பயம் அப்போதுதான் வந்தது.

கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியத்தை புடவையை உதறி எழுந்தார். "நல்ல காரியம் பேசிருக்கோம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஒரு செபம் சொல்லிருவோம்."

ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்தில் இந்த ஒன்றை யாருமே யோசித்திருக்கவில்லை!

எல்லாரும் எழுந்தார்கள். நான் அசையவில்லை. "அவ உக்காந்தே சொல்லுவா மதினி" என்றார் அம்மா.

"ஆண்டவர் முன்னாடி உக்காந்துக்கிட்டா?"

எழுந்தேன். அம்மா அன்று காலை பளபளவென்று துடைத்துவைத்த மொசைக் தரையில் ரப்பர் குதி சர்ரென்று வழுக்கியது. பக்கத்திலிருந்த ஜன்னல் திரையைப் பிடித்தேன். திரை கம்பியோடு வந்து மாப்பிள்ளையின் அப்பா தலையில் முக்காடாக விழுந்தது. நான் தொப்பென்று நாற்காலியிலேயே விழ, புடவை விலகி, வெள்ளை வெளேரென்று என் கால் கூடத்தின் நடுவே பீரங்கிபோல நீட்டிக்கொண்டு நின்றது.

"ஐயோ, மரக்காலு!" என்று அலறினார் பெரியத்தை.

"இல்லீங்க, மாவுக்கட்டு. உள்ள இருக்கறது சொந்தக் கால்தான்" என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஸ்வீட் பெட்டியில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி எல்லார் முன்னாலும் இழுத்துக் காட்டினார். "இழுத்தா நீளுதுல்ல? இதே மாதிரிதான் வாராவாரம் எம்மகளை நீட்டிக்கிட்டு வாரோம்."

பெரியத்தை என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப கல்யாணத்துக்குள்ள புள்ள இன்னும் எம்புட்டு வளரும்? எங்க பய இப்பவே அவ காது உசரந்தானே இருப்பான் போல!"

"ஐயோ மதினி, ஒத்தக் காலு மட்டுந்தான்!" என்றார் அம்மா, சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு.

"ஒத்தக் காலு மட்டுமா வளருது!"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரில் சாய்ந்து சிரித்தார். பிறகு என் கால் பக்கம் குனிந்து, கட்டின்மேல் என் மாணவிகள் பேனாவால் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். "டீச்சர், சீக்கிரம் குணமாகி வாங்க." அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "அவசரமில்லை டீச்சர்."

"இந்த ரெண்டாவது ஆளு கணக்குல எப்படி?" என்று என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"மோசம்" என்றேன்.

"நானும் அப்படித்தான்."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டிலிருந்து ஆரம்பித்து நடந்ததையெல்லாம் நானே சொன்னேன். டொக் டொக்கென்று கூடத்தின் கோடிவரை நடந்தும் காட்டினேன். பெரியத்தைக்குக் கோபம் வந்தது, ஆனால் காலின்மேல் இல்லை. "கட்டு போட்டுருக்குன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன ஓடியா போயிருப்போம்? ஏத்தா, நீ உக்காரு. ஏலே அமலா, அப்பா தலையில கெடக்குற திரையை எடு. செபம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. புள்ள காலு நல்லாகணும்னும் சேத்துச் சொல்லுங்க."

கடைசிக் கட்டைப் பிரித்தபோது குதிகால் தரையைத் தொட்டது. மறுபடி இறுகிவிடாமல் இருக்க, கல்யாணமான புதிதில் ராத்திரிதோறும் பாதத்தை மேலே வளைத்துப் பிடித்துவைக்கும் பட்டை வைத்த பிரேஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கினேன். புது மனைவியின் கொலுசுச் சத்தத்துக்குப் பதிலாக அந்தப் பட்டையின் வெல்க்ரோ ஒட்டு பிரிகிற சத்தம்தான் தன் காதில் கேட்டது என்று இன்றும் அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

சில வருடங்கள் கழித்துப் பெரியத்தை கீழே விழுந்து, முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனது. காலில் டாக்டர் ஒரு பிரேஸை மாட்டி, அதன் திருகை நாளுக்கு நாள் கொஞ்சம் திருப்பி நிமிர்த்தச் சொன்னார். வலி என்றால் அப்படியொரு வலி. ஆனாலும் வாயே திறக்காமல் பொறுத்துக்கொண்டார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். கால் நிமிர்ந்தபிறகு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"மூட்டு நல்லா நிமிர்ந்துருச்சும்மா. இனி பிரேஸ் வேண்டாம்" என்றார் டாக்டர்.

பெரியத்தை சுவரோரம் போய் நிமிர்ந்து நின்று, உச்சந்தலையில் கைவைத்துப் பார்த்தார். திரும்பிய முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

"அடப் போங்க டாக்டரு! அரை அடியாச்சும் கூடும்னுல்ல இம்புட்டு வலியையும் பொறுத்துக்கிட்டேன்!"