என் தங்கைக்கு 1970-இல் நடந்த கல்யாணம்

யூடியூப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வீட்டு விசேஷத்திலும் தன் நிரலுக்கு ஒரு வேலை தேடுவான். என் தங்கை கவிதாவின் கல்யாணத்தில் எனக்கு அது வசமாக மாட்டியது.

காலையில் பினாங்கு, ஆயர் ஈத்தாம் கோயிலில் தாலி கட்டு. அன்று இரவே ஜெலுத்தோங் மண்டபத்தில் விருந்து. காலையில் எடுத்த படங்களை விருந்தில் பெரிய திரையில் ஓட்டுவது என் பொறுப்பு என்று அறிவித்தேன் (யாரும் கேட்கவில்லை).

"அண்ணே, வரிசை மட்டும் மாறக் கூடாதுலா," என்றாள் கவிதா. "ரகு அம்மா சடங்கு முறையில ரொம்ப கண்டிப்பு. வாழப்போற வீடு. முதல் நாளே என் மானத்த வாங்கிடாத."

ரகுதான் மாப்பிள்ளை. அவர் அம்மாவை நாங்கள் மாமி என்போம். யாழ்ப்பாண வழிக் குடும்பம். மாமி சிரித்து நான் பார்த்ததே இல்லை. நிச்சயதார்த்தத்தில் வெற்றிலைத் தட்டை இடம் மாற்றி வைத்ததற்கு எங்கள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

படம் எடுத்தவை மூன்று கேமராக்கள். என்னுடையதில் நேரம் சரி. சென்னையிலிருந்து வந்த சித்தப்பாவுடையது இரண்டரை மணி பின்னால். தோக்கியோ போய்வந்த நண்பனுடையது ஒரு மணி முன்னால். அப்படியே அடுக்கினால் பெண்ணுக்குப் பூ வைப்பதற்கு முன்பே தாலி ஏறிவிடும்.

இதற்கு லினக்ஸில் ஒரு சிஸ்டம் கால் (நிரல் இயங்குதளத்திடம் நேரடியாக வேலை கேட்கும் வழி) இருக்கிறது, பெயர் யூடைம். கோப்பின் பெயரோடு, அதைக் கடைசியாகத் திறந்த நேரம், கடைசியாக மாற்றிய நேரம் என்று இரண்டைக் கொடுத்தால் போதும். படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் திருப்பி வைத்துவிடும். ஒரே வரி! இதை யோசித்தவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஜெலுத்தோங் சந்தையில் மீன்கார அக்கா வெட்டும் முன் "தலை வேணுமா தம்பி?" என்றாவது கேட்பார். யூடைம் எதுவும் கேட்காது. திருத்திய நேரத்தை நான் ஒரு மாறியில் (நிரலில் எண்ணைப் போட்டு வைக்கும் டப்பா) போட்டேன். யூடைமிடம் நீட்டியதோ, பக்கத்தில் வெறும் சுழியத்தோடு கிடந்த இன்னொரு மாறியை. வேலை முடிந்தது என்று பதில் வந்தது. நம்பிவிட்டேன்.

திரையில் படங்கள் நேரப்படி வரும், ஓரத்தில் தேதியும் தெரியும் (அது என் பந்தா). கவிதா வந்தாள், தாலி ஏறியது, எல்லாரும் பசியாறினார்கள். மண்டபமே கைதட்டியது. அடுத்த படத்தில் கவிதா மறுபடி கோயிலுக்குள் நுழைந்தாள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் என்றால் பாவம், கணினி என்ன செய்யும்? பெயர்வரிசைப்படி கேமரா கேமராவாக அடுக்கியிருந்தது. ரகு இரண்டாம் முறை தாலி கட்டினார்.

"டேய், முதல் முடிச்சு அவுந்துடுச்சாடா?" என்றார் சித்தப்பா.

மூன்றாம் தாலியின்போது மாமி எழுந்தார். கண்ணாடியை மாட்டித் திரையின் ஓரத்தைப் படித்தார்: 1970 ஜனவரி 1, காலை 7.30.

"தம்பி, அப்ப நான் சட்டை போட்டுத் திரிஞ்ச சின்னப் பிள்ளை. என்ர மகனுக்கு அப்பவே கல்யாணம் முடிஞ்சுதோ?"

நான் பின்வாசலைத் தேடினேன். கவிதா அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"மாமி, உங்க மகன் பிறப்பார்னு தெரிஞ்சு அப்பவே புக் பண்ணிட்டோம்லா. ஒரு தாலின்னா தப்பிச்சு ஓடிடுவாரு, அதான் மூணு!"

மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே பயந்தேன். சிரிப்பு! முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "வாய்க்காரி! இஞ்ச வா பிள்ளை, என்ர பக்கத்தில இரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என் தங்கையை நான் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

கணினியையும்தான். அதற்குக் காலம் தொடங்குவது, அதாவது நான் நீட்டிய அந்தச் சுழியம், 1970 ஜனவரி முதல் தேதி, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில். இன்றைய கணக்கில் நமக்குக் காலை எட்டு. ஆனால் அன்றைக்கு நம் ஊர்க் கடிகாரம் அரை மணி பின்னால் ஓடியது. நம்மவர்களே மறந்துபோன அந்த அரை மணியை அது ஞாபகம் வைத்திருக்கிறது!

கவிதாவும் ரகுவும் இப்போது சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு புத்தாண்டும் காலை ஏழரைக்கு மாமி போன் செய்து கல்யாண நாள் வாழ்த்துவார். 2020 புத்தாண்டில், விளையாட்டு முற்றி, கேக்கோடு நேரிலேயே வந்துவிட்டார். கல்யாணமான இரண்டாம் வருஷமே பொன்விழாக் கேக் வெட்டிய தம்பதி பினாங்கிலேயே அவர்கள் மட்டும்தான்.