சுடுபாறையும் புட்டுக்குழலும்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் நம் வேலை என்னவென்று வாயால் சொல்லலாம். சம்பளத்தைக்கூடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். செய்து மட்டும் காட்டக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

வெளிநாட்டில், ஆளரவமற்ற ஒரு பாலைவனத்தில் எனக்கு வேலை. பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போடுவோம். அங்கே பாறை தோசைக்கல்லைவிடச் சூடாக இருக்கும். ஆனால் தண்ணீர் புகுந்து ஓட வழி இருக்காது. அதனால் மகா அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி, பாறையில் மெல்லிய விரிசல்களைத் திறப்போம். விரிசல்கள் வழியே ஓடிச் சூடேறும் தண்ணீர், பக்கத்திலுள்ள இன்னொரு துளை வழியாக மேலே வரும். அந்தச் சூட்டில் மின்சாரம் எடுப்போம். புகை கிடையாது, கரி கிடையாது. இதைச் சொல்லும்போதெல்லாம் என் தலை தானாக நிமிர்ந்துவிடும். குழித்துறையில் எங்கள் வீட்டில் மட்டும், "பெனிட்டா கெணறு தோண்டப் போயிருக்கா" என்பார்கள்.

ஒரு லீவில் வந்திருந்தபோது அருமனையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் அஜின், பல் டாக்டர். போனில் பேசிப் பேசி, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவனை அநியாயத்துக்குப் பிடித்துப் போயிருந்தது. ஒரே முட்டுக்கட்டை அவன் அம்மா தங்கபாய். பூமியைப் பிளக்கிற வேலையெல்லாம் ஆபத்து, வேலையை விட்டால்தான் கல்யாணம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அஜினும் வேண்டும், வேலையும் வேண்டும். நேரில் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று மலை போல நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வந்தார்கள். அஜின், அவன் அம்மா, அம்மாவின் அண்ணன் செல்லத்துரை. சாயாவை வாங்கிக் கீழே வைத்ததுமே தங்கபாய் விசாரணையைத் தொடங்கினார்.

"பூமிக்க அடியில வெடி வைப்பியளோ மக்கா?"

"வெடி இல்ல மாமி, வெறும் வெள்ளம்தான்." (ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் மாமி!)

"வெள்ளம் விட்டா பாறை பொட்டுமா? எங்க கெணத்துல எத்தன மழ பெய்யுது, ஒண்ணும் பொட்டலியே."

"பிரஷர்ல விடணும் மாமி. பயப்படாதீங்க, ஒரு பேடியும் வேண்டாம்."

"பொட்டும்போ தரை அதிராதா?"

"கொஞ்சம் அதிரும். அது மிஷினுக்குத்தான் தெரியும், ஆளுக்குத் தெரியாது."

"ஆளுக்குத் தெரியாம அதிருதா! அம்மாடி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. இன்டக்ஷன் அடுப்பையும் எவர்சில்வர் புட்டுக்குழலையும் கொண்டுவந்து, எல்லாரும் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா என் காதில், "ஏட்டி, நீ ஜென்மத்துல புட்டு அவிச்சிருக்கியா?" என்றாள்.

"இது புட்டு இல்லம்மா, மாடல்."

கீழே குடத்தில் கொதிக்கும் தண்ணீர்தான் பூமியின் சூடு, குழலிலுள்ள மாவுதான் பாறை என்று விளக்கினேன். புட்டுக்கு மாவை உதிர்த்துப் போடுவார்கள். நான் போடுவது பாறையாயிற்றே! நன்றாக நனைத்து, கரண்டிக்காம்பால் இடித்து இடித்து இறுக்கினேன். குடமும் குழலும் சேருமிடத்தில் ஆவி கசியாமலிருக்கக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினேன். தண்ணீர் கொதித்ததும் மேலிருந்து கம்பியால் மாவில் ஒரு விரிசல் போடுவேன், ஆவி அழகாக வெளியே வரும், மாமியின் மனது இளகும். இதுதான் திட்டம். அடுப்பை முழு வேகத்தில் வைத்தேன்.

செல்லத்துரை மாமா எழுந்தார். "நல்ல காரியம். தொடங்குமுன்ன ஒரு சின்ன ஜெபம் செய்வோம்."

அருமனை வட்டாரத்தில் அவருடைய சின்ன ஜெபம் பிரசித்தம். எங்கள் பக்கம் பெரியவர் ஜெபிக்கும்போது வீடே பற்றி எரிந்தாலும் யாரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். எல்லாரும் தலை குனிந்தோம். மாமா உலகப் படைப்பில் ஆரம்பித்தார். ஜலப்பிரளயத்தில் கொஞ்சம் தங்கினார். இரண்டு குடும்பங்களையும் பேர் சொல்லி ஆசீர்வதித்து, வளைகுடாவில் பாடுபடுகிறவர்களுக்காக மன்றாடி, ரப்பர் விலைக்கு வந்தார்.

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். குழல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ முனகியது. பதற்றத்தில் எனக்கு வெப்ராளமாகிவிட்டது. மெல்ல சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். கண்ணை மூடியபடியே அம்மா பட்டென்று அடித்தாள். (எப்படித் தெரிந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை.)

"இந்தப் பிள்ளை செய்கிற வேலை உமக்குச் சித்தமானதுதானா என்று, ஆண்டவரே, எங்களுக்கு ஓர் அடையாளம் காட்டும்!"

டமார்!

குழல் குடத்தை விட்டுக் கிளம்பி நேரே மின்விசிறிக்குப் போயிற்று. மின்விசிறி அதை ஏற்றுக்கொண்டு, மாவைப் பாரபட்சமில்லாமல் எல்லாருக்கும் பங்கிட்டது. நல்லவேளை, யாருக்கும் சுடவில்லை. குழல் முறுக்குத் தட்டில் விழுந்து உருண்டது. வழுக்கைத் தலையில் ஒரு கட்டி மாவுடன், கண்ணைத் திறக்காமல், மாமா "ஆமென்" என்று முடித்தார்.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அதைப் பிளக்கிற உத்தியோகத்திலேயே இருந்தும் அவசரத்துக்கு உதவவில்லை. அஜின் போச்சு, கல்யாணமும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அஜினைப் பார்த்தேன். பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தங்கபாய் மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ வேல செய்யிற எடத்துல எவ்வளவு ஆழத்துல பொட்டும்?"

"மூணு, நாலு கிலோமீட்டர் அடியில, மாமி."

"பக்கத்துல வீடு வல்லதும் உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. வெறும் மணல்."

கூரையைப் பார்த்தார். மின்விசிறி இறக்கைகளைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க கேட்ட அடையாளம் கெடச்சாச்சு. இவ வேலைய விடண்டாம். அங்ஙனயே போயி பாறையப் பொட்டிக்கட்டும். எனக்க அடுக்களையில மட்டும் கால் வைக்கப்பிடாது."

அடுத்த லீவிலேயே கல்யாணம். மாமி சொன்ன சொல் மாறவில்லை. நான் ஊருக்கு வந்தால் மாமி புட்டு அவிப்பார், அஜின் பயறு தாளிப்பான், நான் மகாராணி மாதிரி மேசையில் காத்திருப்பேன். மருமகளை இப்படித் தாங்குகிறாரே என்று உறவுக்காரர்கள் மாமியைப் புகழ்கிறார்கள். மாமியும் மறுப்பதில்லை.

ஆனால் டி.வி.யில் உலகத்தின் எந்த மூலையிலாவது நிலம் லேசாக அதிர்ந்தது என்று செய்தி வந்தால் போதும், என் போன் அடிக்கும்.

"மக்கா, உள்ளதச் சொல்லு. நீயா?"