ஓடைப்பட்டி அபேட்சகர் வாங்கிய வெற்றிலை

ஓடைப்பட்டி,
தாது வருஷம் தை மாதம் 11ந் தேதி.

மதுரை வாரப் பத்திரிகை பத்திராதிபர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, மதராஸ் சட்டசபைக்குச் சுயேச்சையாக நிற்கும் அபேட்சகரும், பச்சை ஓட்டுப் பெட்டி ஒதுக்கப்பட்டவனும், இருபோக நிலத்துக்குத் தவணை தவறாமல் தீர்வை கட்டுகிறவனுமாகிய சுருளியாண்டி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டுகிறேன். இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. என் கண் மட்டும் சரியில்லை.

எழுதிக்கொள்வது நான் என்றாலும், பேனா பிடித்திருப்பது என் தங்கை மாயக்காள். பத்து நாள் வாடகைக் காரில் ஓட்டுக் கேட்டுச் சுற்றியதில் புழுதி விழுந்து இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகிவிட்டன. வைத்தியர் நந்தியாவட்டைப் பூவை வைத்துத் துணியால் கட்டி, ஐந்து நாளைக்கு அவிழ்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று சர்க்கார் சொன்னவுடன், மனுப் போட்டு அவள் பெயரைப் பட்டியலில் ஏற்றியவன் நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தாங்கள் அச்சடித்து அனுப்பிய ஐந்து கேள்விகளும் கிடைத்தன. தேசத்தின் பெரிய பிரச்சினைகளில் என் கொள்கை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயா, எனக்குக் கொள்கை இல்லை என்று எதிர்க் கட்சியார் பரப்புவது சுத்தப் பொய். கொள்கை என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டாக இருப்பதுதான் தொல்லை.

அது எப்படி என்றால், எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு காரியத்தைச் சொல்லி வெற்றிலை பாக்கை நீட்டி, மற்றவர் அதை வாங்கிவிட்டால் அது வாக்கு. பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம். நீட்டிய வெற்றிலையை வாங்காமல் போனால் அது பகை. ஓட்டுக் கேட்கப் போனவன் யாரைப் பகைப்பது? அதிலும் சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலை, பார்த்தவுடனே கை தானாக நீளும். சின்னமனூரில் மலைச்சாமி என்ற மதுவிலக்குச் சங்கத்துக்காரர், "கள்ளுக்கடைய ஒழிக்கிறேன்னு சொல்லுங்க" என்று தட்டை நீட்டினார். வாங்கினேன். நாலு வீடு தள்ளிக் கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் பொன்னுராஜ், "நம்ம கடைக்கு ஒரு கொறையும் வராம பாத்துக்கங்க அண்ணாச்சி" என்று நீட்டினார். அதையும் வாங்கினேன். அன்று மாலைப் பொதுக்கூட்டத்தில் இரண்டு பேரும் மேடையின் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்து, நான் என்ன பேசப்போகிறேன் என்று என் வாயையே பார்த்தார்கள். இருவர் மனமும் நோகக் கூடாதென்று இருவர் வெற்றிலையையும் ஒரே சமயத்தில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். அப்போது நாற்று நடுகிற பாண்டியம்மாள் கூட்டத்தில் எழுந்து, "ஏங்கய்யா, கள்ளுக்கடை இருக்கணுமா, போகணுமா? ஒத்த வார்த்தையில சொல்லிப்புடுங்க. எங்க வீட்டு ஆம்பள சம்பாத்தியம் பூராம் அங்கனதான் போகுது" என்றாள். வாய் நிறைய எச்சில். மேடையில் துப்பலாமா? கையை மேலே தூக்கினேன். தூக்கியதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. மலைச்சாமி கட்சி கை தட்டியது, பொன்னுராஜ் கட்சியும் கை தட்டியது. பாண்டியம்மாள் தட்டவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது, கண் நோவை விட.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரே காரியத்துக்கு இரண்டு வெற்றிலை வாங்க நேர்ந்தால் கடைசியாக வாங்கியதே செல்லும். இரண்டு உயில் இருந்தால் கடைசி உயில்தானே செல்லுகிறது? கோர்ட்டே ஒப்புக்கொண்ட நியாயம். இதை நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். சொன்னது பிசகாகிப் போயிற்று. மறுநாளிலிருந்து இருவரும் மாறி மாறி ஓடைப்பட்டிக்கு வரத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் மதுவிலக்கில் என் கொள்கை ஒன்பது தடவை மாறியது, சுண்ணாம்பில் நாக்கு வெந்தது. நேற்றுச் சாயங்காலம் கடைசியாக வந்து போனவர் மலைச்சாமி. ஆகையால் இந்த நிமிஷம் நான் மதுவிலக்குக்காரன். சீக்கிரம் அச்சேற்றினால் நல்லது.

சுயராஜ்யம் வேண்டுமா என்றால், வேண்டும். எப்போது என்றால், இரண்டாம் போகம் அறுத்துக் களம் ஏறிய பிறகு வந்தால் ஆள் கிடைக்கும். நிலத்தீர்வை பற்றி இதுவரை யாரும் எனக்கு வெற்றிலை வைக்கவில்லை. எனவே அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கிறது. குறைக்க வேண்டும்.

ஆலயப் பிரவேச விஷயம் விளையாட்டில்லை. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் மகாராஜா கோவில் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் கோவில் தர்மகர்த்தா பதறிப்போய் வந்து, இங்கே திறக்க விடக் கூடாது என்று வெற்றிலை வைத்தார், வாங்கினேன். அதே வாரம் சேரிப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போனபோது தவசி என்பவன், இங்கேயும் கோவில் கதவு திறக்க வேண்டும் என்று சொல்லி, வெற்றிலையைத் தரையில் ஒரு இலை மேல் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றான். "எடுத்துக்கங்க சாமி, எங்க கையில வாங்க மாட்டீக" என்றான். எனக்குச் சுரீரென்றது. "ஏலே, இங்கன வா. கையில குடு" என்று அவன் கையிலிருந்தே வாங்கிப் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, ஐயா. அதற்குப் பிறகு தர்மகர்த்தா எனக்கு வெற்றிலை நீட்டுவதையே நிறுத்திவிட்டார். ஆகவே கடைசி வெற்றிலை தவசியுடையது, கதவு திறக்க வேண்டும் என்பதே என் கொள்கை. இதில் மாற்றமில்லை.

இனி ஐந்தாவது கேள்வி. அதை மாயக்காள் இரண்டு தடவை வாசித்தாள். "இந்து விதவைகளுக்குப் புருஷன் சொத்தில் பங்கு கொடுக்க டில்லியில் வந்திருக்கும் மசோதாவைத் தாங்கள் ஆதரிக்கிறீர்களா?" இதில் ஒரு சிக்கலுண்டு. கூடலூரில் மொக்கைச்சாமி என்று ஒருவர், என் தங்கை புருஷனுக்கு உடன்பிறந்த அண்ணன். அவர் சொன்னால் அங்கே அறுபது ஓட்டு விழும். மார்கழியில் நான் போனபோது, "மாப்ள, அந்தச் சட்டத்த எதுக்கணும். எங்க தோட்டத்துப் பேச்சையும் எடுக்கக் கூடாது" என்று சொல்லி வெற்றிலை வைத்தார். வாங்கினேன். ஆனாலும் அந்த மசோதாவை நான் ஆதரிக்கிறேன். மாயக்காள் புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தத் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது மூன்று கோடை மண் சுமந்தவள் அவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு தகரப் பெட்டியோடு அவளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு குங்குமச் சிமிழும் இருந்தன. சிமிழ் ஆருக்கும் வேண்டியிருக்கவில்லை, அதனால் அது கூட வந்தது. அந்தக் கிணற்றில் இப்போது மொக்கைச்சாமி மாடு கட்டிக் கமலை இறைக்கிறார். அவள் கேட்பது பிச்சை இல்லை, பங்கு. அறுபது ஓட்டுப் போனாலும் போகட்டும்.

மேற்படி பதிலைச் சொல்லி முடித்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண் கட்டியிருந்ததும் ஒரு வகையில் நல்லதே. பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சொன்னதற்கு மேலேயே ஓடியது. பெண்பிள்ளை எழுத்து நிதானமாகத்தான் வரும் என்று விட்டுவிட்டேன். "ஏத்தா, அண்ணன் மேல கோவமா?" என்றேன். "கோவம் என்னண்ணே, சொல்லுங்க எழுதுறேன்" என்றாள். வாசித்துக் காட்டச் சொன்னேன், வாசித்தாள், சொன்னது சொன்னபடி இருந்தது. பொதுக்காரியம் என்று வந்துவிட்டால் உடன்பிறந்தவள் என்றுகூடப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ராத்திரி சோறு இறங்காது என்று இப்போதே தெரிகிறது. இருந்தாலும் சுருளியாண்டி வாங்கின வெற்றிலைக்குத் துரோகம் செய்தவன் என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது.

தங்களுக்கும், எழுத்துக் கோர்ப்பவர்களுக்கும், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். பதில்களை ஒரு எழுத்தும் மாற்றாமல் பிரசுரிக்கக் கோருகிறேன். கட்டிய கண்ணோடு போட்டதால் கையெழுத்துச் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சுருளியாண்டி

பின்குறிப்பு: ஐயா, இது மாயக்காள். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சற்று நேரம் படுக்கப் போய்விட்டார்கள். அவர்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன், ஐந்தாவது கேள்வியில் "ஆனாலும்" என்பதிலிருந்து "போகட்டும்" என்பது வரை தவிர. அது என் எழுத்து. அண்ணன் சொன்னது, மொக்கைச்சாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், எதிர்க்கிறேன் என்பதுதான். வாசித்துக் காட்டும்போது அவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன். அது பொய், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா, மொக்கைச்சாமி வெற்றிலை மார்கழியில் வாங்கியது. தைப் பொங்கலன்று சாப்பாடு ஆனதும் நான் அண்ணன் கையில் வெற்றிலை கொடுத்தேன். "அண்ணே, கூடலூர்த் தோட்டத்துல எனக்கு நாயம் கேளுங்க" என்று வாய் திறந்து சொல்லித்தான் கொடுத்தேன். "ஆகட்டும் தாயி"ன்னு வாங்கி வாயில போட்டு மென்னாக. கடைசி வெற்றிலை என்னுது. வீட்டுப் பொம்பள குடுக்கிற வெத்தலைய ஆரும் எண்ணுறதில்ல, அதனால அவுகளுக்கு நெனப்பு வரல. வாங்கின வெத்தலைக்குத் துரோகம் பண்ணினவுகன்னு எங்க அண்ணனுக்குப் பேர் வரக் கூடாதுன்னுதான் நான் எழுதினேன்.

பதினோரு வருசத்துல இந்தக் கேள்விய என்கிட்ட ஆரும் கேட்டதில்ல. நீங்க அண்ணனைத்தான் கேட்டிருக்கீக, தெரியும். ஆனா வாசிச்சது நான். அப்படியே போடுங்க. நாளைக்குக் காலையில கட்டு அவுக்கிறாக. கடுதாசி இன்னிக்கு மத்தியானத் தபால்ல போகுது.