மாமனாரின் சோத்தாங்கை

கம்ப்யூட்டரில் படம் திருத்தத் தெரிந்தவனுக்கு ஒரு கட்டத்தில் தலைக்கனம் வந்தே தீரும். மரு இருந்த இடத்தில் மருவைக் காணோம், தொப்பை இருந்த இடத்தில் தொப்பையைக் காணோம் என்று பண்ணிப் பண்ணி, கடவுள் அவசரத்தில் அரைகுறையாக விட்டுப்போன வேலையை நாம்தான் உட்கார்ந்து முடித்துக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அது இருபத்தைந்து வயதில் வந்தது. வந்த வேகத்தில் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போதுதான் காலடிப்பேட்டையில் சொந்தமாகக் கடை போட்டிருந்தேன். கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நீலத் திரை, வருகிறவர்கள் தலைவார ஒரு சீப்பு (அந்தச் சீப்பை நான் தொட்டதில்லை). பாஸ்போர்ட் போட்டோவும் பேனரும்தான் பிழைப்பு. திறமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மணலி புதுநகரை விட்டு நகராத ஒரு அண்ணனை சுவிட்சர்லாந்து பனிமலையில் நிறுத்தியவன் நான். காலை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன்; மனிதர் பனியில் ரப்பர் செருப்போடு நின்றார். அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்.

தேவி அந்தக் கடைக்குத்தான் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தாள். நெற்றியில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. பெரிய மனது பண்ணி அதை அழித்துக் கொடுத்தேன். மறுநாள் கவரோடு திரும்பி வந்தாள்.

"இன்னா இது? இது யாரு மூஞ்சி?"

"உங்க மூஞ்சிதான். தழும்ப எடுத்துட்டேன். ஃப்ரீ."

"எடுன்னு நான் சொன்னனா? திருப்பி வை."

திருப்பி வைத்தேன். அப்போது விழுந்தவன்தான், இன்னும் எழவில்லை. அந்தத் தழும்பிலிருந்தே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தேவியின் அப்பா கோதண்டம், காசிமேட்டில் பிறர் போட்டுகளில் காலமெல்லாம் மீன்பிடித்து உழைத்து, கடைசியில் சொந்தமாக ஒரு போட்டு கட்டிக்கொண்டிருந்தவர். அம்மா சரோஜா துறைமுகத்திலேயே மீன் விற்கிறவர். தேவி வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னபோது நடந்த விசாரணையை அவளே என்னிடம் நடித்துக் காட்டினாள்.

"பையன் இன்னா வேல செய்யறான்?"

"போட்டோ எடுக்கறாரு நைனா. எடிட்டிங்கு பண்றாரு."

"அது கெடக்கட்டும். வேல இன்னா?"

கோதண்டம் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து ஃபோன் வந்தது. "புது போட்டு எறக்கப் போறோம். பேனர உன்னியே பண்ணச் சொல்லுது நைனா. ஒயுங்கா பண்ணு. இத்த வெச்சிதான் உன்ன எட போடும்."

எடை போடவா? நான் தராசையே உடைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

போட்டில் எஞ்சின் ஏற்றிய அன்று சின்னதாக ஒரு பூசை நடந்தது. அதை நானே போய்ப் படம் பிடித்தேன். போட்டின் முன்பக்கம் கோதண்டம் கற்பூரத் தட்டோடு நிற்கிறார், பக்கத்தில் சரோஜா அம்மா, பின்னால் போட்டின் பெயர். கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினேன். கோதண்டத்தின் வியர்வையைத் துடைத்தேன். வெற்றிலைக் கறை படிந்த பல்லை வெளுத்தேன். டீசல் மிதந்து கறுப்பாகக் கிடந்த துறைமுகத் தண்ணீரை எடுத்துவிட்டு, மாலத்தீவிலிருந்து நல்ல நீலத் தண்ணீராகப் பார்த்து ஊற்றினேன்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. பேனரின் வலது மூலையில் அம்மன் படம். கோதண்டமோ படத்தில் இடது பக்கம் பார்த்து நிற்கிறார். அதாவது, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காற்றுக்குக் கற்பூரம் காட்டுகிறார். அம்மனை இடது மூலைக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் வைத்த இடத்திலிருந்து அம்மனை நகர்த்த எனக்குப் பயமாக இருந்தது. மாமனாரை நகர்த்தப் பயமில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்ப ஒரு வசதி உண்டு. ஒரு தட்டு தட்டினேன். கோதண்டம் பணிவாக அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார். (அவர் என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான்.)

திருப்பியதில் போட்டின் பெயர் தலைகால் புரியாமல் போனது. அதை விடுவேனா? எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து நேராக்கி ஒட்டினேன். ஒட்டியது ஒரு பயலுக்கும் தெரியாது. நாற்காலியில் சாய்ந்து என் வேலையை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன். இப்போதும் சொல்கிறேன், அது நல்ல டிசைன்.

போட்டு இறக்கும் நாள். விடிந்ததும் சவுக்குக் கம்பு நட்டு, கூட்டம் நிற்கப்போகும் பக்கம், அதாவது கடலைப் பார்த்து, பேனரைக் கட்டினேன். வெயில் ஏறியதும் கோதண்டத்தின் பல் அப்படி மின்னியது. சொந்தக்காரர்கள், ஏலக்காரர்கள், மீன் விற்கும் பெண்கள் என்று கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் பேனரைப் பார்த்தார்கள். நான் பாராட்டுக்காகச் சட்டைக் காலரை நீவிக்கொண்டு நின்றேன்.

முதலில் வாயைத் திறந்தவர் பாக்கியம் அக்கா. சரோஜா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவர்.

"ஏண்டி சரோஜா, உன் வூட்டுக்காரரு இன்னா அம்மனுக்குப் பீச்சாங்கையில கற்பூரம் காட்டிகினு கீறாரு?"

எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. பேனரைப் பார்த்தேன். தட்டு கோதண்டத்தின் இடது கையில் இருந்தது. சோறு தின்னும் கையில் அவர் பிடித்த தட்டை, நான் தட்டிய ஒரு தட்டு, கழுவும் கைக்கு மாற்றியிருந்தது. எழுத்து திரும்பியதைக் கண்டுபிடித்த என் கழுகுக் கண்ணுக்கு, முழுதாக ஒரு மனிதனின் கை மாறிப்போனது தெரியவில்லை. அதற்குள் சரோஜா அம்மா தன் புடவையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"முந்தானிய சோத்தாங்கை பக்கம் போட்டுகினு கீறனே. நான் எப்போடா சவுகார்பேட்ட சேட்டம்மா ஆனேன்?"

கோதண்டம் பேனருக்குக் கிட்டே போய் நின்று பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார்.

"இது எந்த ஊரு தண்ணி?" என்றார் முதலில். அப்புறம் மெதுவாக, "மொத மொத கடலுக்குப் போற போட்டு. அம்மனுக்குப் பீச்சாங்கையா காட்டுவாங்க?"

"அது வந்து மாமா, டிசைன் பேலன்சுக்காக..."

அவசரத்தில் 'மாமா' என்று வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"நல்ல நேரம் போயிகினு கீது," என்றார் கோதண்டம். "அதுக்குள்ள சரி பண்ணு. இல்ல, அவுத்துப் போடு."

அவிழ்த்துப் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் அவமானம் தாங்காமல் பேனருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். நிமிர்ந்து பார்த்தால், முன்பக்க வெயில் ஃபிளெக்சுக்குள் ஊடுருவி, பின்பக்கம் படம் அழகாகத் தெரிகிறது. பின்னாலிருந்து பார்ப்பதால் இடம் வலம் மாறி, தட்டு வலது கையில். சரோஜா அம்மாவின் முந்தானை இடது தோளில். அம்மன் காட்டிய வழி என்றே நினைத்தேன். பேனரை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிக் கட்டினால் வேலை முடிந்தது. எழுத்துகள் திரும்பிப் போகுமே என்றால், போகட்டும், அங்கே யார் படிக்கப் போகிறார்கள்?

போட்டில் வேலை செய்யும் இரண்டு பேரைக் கயிறு பிடிக்கச் சொல்லிவிட்டு, நானே கம்பில் ஏறி அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். கீழே குதித்து, வெற்றியோடு திரும்பினேன்.

வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. நிழலில் நின்று பார்த்தபோது தெரிந்த படம், அந்தப் பக்கத்தையே வெயிலுக்குக் காட்டியதும் காணாமல் போய்விட்டது. வெள்ளை வெளேரென்று ஒரு துணி. அதன் நடுவே, இருக்கிறாரா இல்லையா என்ற மாதிரி, புகையாகக் கோதண்டம். பக்கத்தில் புகையாகச் சரோஜா அம்மா. மேலே எந்த மொழியிலும் சேராத எழுத்துகள். கண்ணீர் அஞ்சலி என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வேறு எந்தத் திருத்தமும் தேவையில்லை.

கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. பாக்கியம் அக்கா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உசுரோட கீறவன ஆவியாக்கிட்டியே நைனா," என்றார் கோதண்டம். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

பூசை நடந்தது. பேனரைச் சுருட்டிப் போட்டில் எறிந்தார்கள். கோதண்டம் கற்பூரத் தட்டை வலது கையில் வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் அம்மனுக்குக் காட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. போட்டு கிளம்பிப் போனது. கடல் காலியாகும்வரை நின்றிருந்த என்னிடம் தேவி வந்தாள்.

"மீனு கெடைக்கலன்னா நீ காலி," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நானும்தான்," என்றாள். விளையாட்டாகத் தட்டிய ஒரு பொத்தானில் அவளும் மாட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

போட்டு திரும்பும்வரை நான் கடை திறந்தும் வேலை செய்யவில்லை. யார் மருவையும் தொடவில்லை. வந்தவர்கள் வந்த முகத்தோடேயே போனார்கள்.

கடைசியில் ஒரு மத்தியானம், கடை வாசலில் கோதண்டமும் சரோஜா அம்மாவும் நின்றார்கள். அவர் கையில் ஒரு பை, பைக்குள் சங்கரா மீன்.

"மீனு கெடைச்சுதா?" என்றேன்.

"கெடைச்சுது. ரொம்பவும் இல்ல, கொறையவும் இல்ல. நடுக்கடல்ல மய புடிச்சிக்கிச்சி. உன் பேனரத்தான் தலைக்கு மேல கட்டிகினு குந்திகினு இருந்தோம். ஒரு சொட்டு உள்ள வர்ல." நீலத் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "துணி நல்லா கீது. படம்தான் கலீஜு."

சரோஜா அம்மா முந்தானையை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். கோதண்டம் வலது கையைத் தோளுக்கு மேல் விறைப்பாகத் தூக்கினார்.

"இது என் சோத்தாங்கை. நல்லா பாத்துக்கோ. இது இந்தப் பக்கமே இருந்துச்சின்னா, இதே போட்டோதான் கல்யாண பேனர்ல. மாறிச்சின்னா பொண்ணு கெடையாது."

என் வாழ்க்கையிலேயே ஒரு திருத்தமும் செய்யாமல் நான் பேனரில் போட்ட முதல் படம் அதுதான். வியர்வை, வெற்றிலைக் கறை எல்லாம் அப்படியே இருந்தது. கல்யாண மண்டப வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற கோதண்டத்தைப் பார்த்து, வந்தவர்களில் பாதிப் பேர் எந்த வார்டில் நிற்கிறார் என்று கேட்டார்கள்.

அது வழக்கமாகவே ஆகிவிட்டது. என் மாமனார் வீட்டில் யாரும் என் கேமரா முன் வலது கையைத் தூக்காமல் நிற்பதில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் குடும்பமே கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எடுப்பதுபோல் இருக்கும். என் மகள் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கும் கையைத் தூக்கியிருக்கிறாள். இறக்கச் சொன்ன டீச்சரிடம், "எறக்குனா எங்க தாத்தா சண்டைக்கு வந்துடும் மிஸ்," என்றாளாம்.

போன மாதம் மாமனாருக்குத் தேவியின் தம்பி புது ஃபோன் வாங்கிக் கொடுத்தான். செல்ஃபி எடுக்க யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விடிந்தும் விடியாமல் எனக்கு ஃபோன்.

"மாப்ள, நான் சோத்தாங்கையத்தான் தூக்குனேன். உள்ள பீச்சாங்கையா கீது. என் ஃபோன எப்போ வந்து நோண்டுன?"

"மாமா, செல்ஃபின்னா கண்ணாடி மாதிரி அது தானா திரும்பும். நான் ஒண்ணும் பண்ணல."

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் மொத்தக் குடும்பமும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த தேவியைப் பார்த்தேன். நீயாவது சொல்லு என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நெஜமாவே நீ ஒண்ணும் பண்ணல?"