விழுவதற்கு ஒரு பள்ளிக்கூடம்

கடலூரில் இருந்துகொண்டு பனிமலை ஏற ஆசைப்பட்ட ஒரே மனுஷன் எங்கள் ஐஸ் மச்சான்தான், பிள்ளைகளா. வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

நாம் சிதம்பரத்துக்குக் குடிவரும் முன்னால், துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் எனக்கு மோட்டார் பார்க்கிற வேலை. படகுகளுக்குப் போகிற ஐஸ் பாளங்களைத் தள்ளுகிறவர் மச்சான். எங்களை எல்லாம் 'மச்சான்' என்றே கூப்பிடுவார், அதனால் அவரும் எங்களுக்கு மச்சான். ஐஸைத் தொட்டால் எங்களுக்குக் கை மரத்துப்போகும், அவருக்கு மனசு பறக்கும்.

"இதே ஐஸு அங்க மலை மலையா கெடக்குதாம் மச்சான். கரண்டு பில்லே இல்லாம" என்பார் என்னிடம்.

மலையேற்றம் சொல்லித் தரும் பள்ளிகள் வடக்கே இருக்கின்றன. முதல் படிப்புக்கு 'பேசிக் கோர்ஸ்' என்று பெயர். நாற்பது தாண்டினால் சேர்க்க மாட்டார்களாம். மச்சானுக்கு அந்த வருஷம் ஆடியோடு நாற்பது முடிகிறது. கம்பெனியிலோ மீன்பிடித் தடைக்காலத்தில்தான் லீவு. ஆக ஒரே வாய்ப்பு, ஒரே பள்ளி. தப்பானதில் சேர்ந்தால் அதோடு சரி.

திருவந்திபுரம் கோயிலுக்கு எதிரே உள்ள குன்றில், முதுகில் உப்பு மூட்டையோடு ஏறி இறங்கிப் பழகினார். பார்த்த ஒரு அம்மா கும்பிட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"என்ன வேண்டுதல் தம்பி?"

"பேசிக் கோர்ஸும்மா."

"புள்ள பொறக்கும், பொறக்கும். பெருமாள் குடுப்பாரு."

தபாலில் வரவழைத்த விளம்பரத் தாள்களைப் பார்த்தும், எந்தப் பள்ளி என்பதுதான் தீரவில்லை. ஒன்று சிகரத்தில் கொடியோடு போட்டோ காட்டியது. ஒன்று கூடாரம், பாட்டு, கூத்து என்றது. இன்னொன்று வெறும் கண்டிஷனாகப் போட்டிருந்தது. அவர் மனைவி செல்வி அக்காவுக்கு அவரை அனுப்பவே பயம். கடைசியில் அக்காவே வழி சொன்னார்கள்.

"ஏற எவன் வேணா சொல்லிக் குடுப்பான். வுழுந்தா என்ன பண்றதுன்னு கேளுங்க. பதில் சொல்றவன்கிட்ட போங்க."

வெளியூருக்குப் போன் போட, எஸ்.டி.டி. பூத்துக்கு மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், ஐ ஃபால். யூ வாட் டூ?"

முதல் பள்ளி, "நோ நோ, நோபடி ஃபால்" என்றது. இரண்டாவது, "ஃபால்? வாட்டர்ஃபால்? யெஸ், வெரி நைஸ்" என்றது. கண்டிஷன் பள்ளிக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "ஃபாலிங், வீ டீச். டெய்லி" என்றார்.

மச்சான் போனை வைத்துவிட்டு, சாமி வந்தவர் மாதிரி நின்றார். "மச்சான், இங்க வுழறதே ஒரு பாடமாம்."

போனார். தடைக்காலம் முடியும் சமயம், மூக்குத் தோல் உரிந்து, கரிக்கட்டையாகத் திரும்பினார். கம்பெனியில் எல்லாரும் சூழ்ந்துகொண்டோம்.

"உச்சிய தொட்டியா மாமா?" என்றான் வேலைக்கு வந்த சின்னப் பையன் ஒருவன்.

"மேகம் வந்துச்சி. எறங்குன்னாங்க, எறங்கிட்டேன்."

"அப்ப இம்மா தூரம் போயி என்னத்ததான் கத்துக்கிட்ட?"

மச்சான், வேனுக்குப் பாளம் இறக்குகிற சரிவுப் பலகை முழுக்க ஐஸ் கொட்டச் சொன்னார். இரும்புக் கொக்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து தலைகீழாக விழுந்தார். பாதியில் மீன் மாதிரி ஒரு திருப்பு. கொக்கி ஐஸைக் கிழித்தது. அடி விளிம்புக்கு ஒரு முழம் மேலேயே, ஒட்டிவைத்தது போல நின்றார்.

சோற்றுத் தூக்கோடு செல்வி அக்கா வாசலில் நின்றிருந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்கள்.

"இன்னொரு தடவ வுழுங்க, பாப்போம்."

மோட்டார் போடுகிற நேரம் தாண்டிவிட்டது. நான் நகரவே இல்லை. எனக்கும் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.