பாதி முகத்துக்கு வந்த இளமை

என் கணவர் ஆறு வருடங்களாக என் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த நினைப்புக்கு முழுப் பொறுப்பாளி நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அவர், சவிரி, இத்தாலிக்குப் போனபோதே, வதிவிடப் பேப்பர் சரிவரும்வரை ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது என்று தெரிந்துதான் போனார். அங்கே ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த ஊர்ச் சீமாட்டியை, பராமரிக்கும் வேலை. நான் கற்பிட்டியில் நாங்கள் கருவாடு காயப்போடும் வாடியைப் பார்த்துக்கொண்டேன். வெயிலும் உப்பும் காற்றும் மீனுக்கு என்ன செய்யுமோ அதையே எனக்கும் செய்தன. மீனையாவது திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் ஒரேயளவாகக் காயவைப்போம். நான் ஒரு ஒழுங்கும் இல்லாமல் காய்ந்தேன்.

என் மகள் ஷெரின் வாங்கித் தந்த போனில் ஒரு பில்டர் இருந்தது. அதைப் போட்டால் சுருக்கமெல்லாம் போய், முகம் சுடச்சுட இறக்கிய பாலாப்பம் மாதிரி இருக்கும். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கதைத்தபோது சவிரி சொன்னார், "மெற்றி, நீ மட்டும் அப்பிடியே இருக்கிறாய்." இதைக் கேட்ட பிறகு எந்தப் பொம்பிளை பில்டரைக் கழற்றுவாள்? ஒருநாள் நான் குனிந்த நேரம் பார்த்து அது என்னை விட்டுவிட்டு, பின்சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தின் மேல் போய் உட்கார்ந்து அவருக்கு லிப்ஸ்டிக் பூசிவிட்டது. "ஆர் அது பின்னால?" என்று சவிரி கத்தினார். சிக்னல் பிழை என்று சொல்லிச் சமாளித்தேன். (அவரும் ஆகஸ்ட் மாதத்தில்கூடக் கம்பளித் தொப்பியோடுதான் போனில் வருவார். குளிர் என்பார். நானும் நம்பினேன்.)

பிறகு ஷெரினுக்குக் கலியாணம் சரிவந்தது. அதேநேரம் அவருக்குப் பேப்பரும் கிடைத்தது. "அப்பா வாறார்!" என்று வீடே குதித்தது. நான் மட்டும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். ஆறு வருடமாகப் பாலாப்பத்தைப் பார்த்துக் கதைத்த மனுசன், விமானத்திலிருந்து இறங்கியதும் பாரைக் கருவாட்டைப் பார்த்தால் என்ன ஆவார்? ராத்திரித் தூக்கமே போய்விட்டது எனக்கு.

வாடிக்கு உப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். முகம் திருத்தும் டொக்டர் ஒருவரைப் பார்த்தேன். அவர் என் இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து மேலே இழுத்து, கண்ணாடியைக் காட்டினார். "இப்படி வரும்." கண்ணாடிக்குள் என் கலியாண நாள் முகம் நின்றது. விரலை எடுத்தார். பொலுக்கென்று போய்விட்டது. என்னைக் கெடுத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஆனால் வெட்டித் தைத்தால் வீக்கம் வற்றக் கிழமைக் கணக்காகுமாம். கலியாணமோ அடுத்த கிழமை. சவிரி லீவு முடிந்து திரும்பிப் போன பிறகு செய்துகொள்வதாகத் திகதி எடுத்துக்கொண்டு வந்தேன். (அவர் போன பிறகு யார் பார்க்க இந்த முகத்தைத் திருத்தப் போகிறேன் என்ற கேள்வி அப்போது என் மண்டையில் ஏறவேயில்லை.)

கலியாணத்துக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டுமே. அழகு நிலையம் வைத்திருக்கும் பாயிஸாவிடம் போய் அழுதேன். அவள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டர் துண்டுகள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு இலாஸ்டிக். காதுக்கு முன்னால் ஒட்டி, இலாஸ்டிக்கை இழுத்துக் கொண்டைக்குள் கிளிப் போட்டால் கன்னம் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கத்துக்கு ஒரு கிளிப், அந்தப் பக்கத்துக்கு ஒரு கிளிப்.

"கழராதாடி?"

"அல்லாட காவல் அக்கா, சும்மா இருங்க. ஒங்கட மொகம் கழண்டாலும் இது கழராது."

"டொக்டர் செய்யிறதும் இப்பிடித்தானே இருக்கும்?"

"இது ஒத்திகை எண்டு வெச்சுக்கோங்க."

கலியாணத்தன்று காலை ஒட்டி முடித்ததும் பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில் நான் அப்படி இருந்ததை நானே நம்பவில்லை. ஒரேயொரு குறை, சிரித்தால் இழுக்கும், கதைத்தால் இழுக்கும். ஆகவே ஓம், இல்லை தவிர வேறொன்றும் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். (என் அக்கா பிலோமினா இதைத் திருமணத்தின் முதலாவது அதிசயம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.)

விமானம் சுணங்கியதால் சவிரி கட்டுநாயக்காவிலிருந்து நேரே கோயிலுக்கே வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயோ மெற்றி, போனில பாத்த மாதிரியே இருக்கிறாயே." எனக்கு ஆகாயத்தில் பறப்பது போலிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினாரா, தலையில் மயிர் இருந்ததா இல்லையா என்றெல்லாம் நான் கவனிக்கவேயில்லை. என் கவனம் முழுக்கக் காதுப் பக்கம்தான்.

விருந்து ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டலில். "சோளகக் காத்து அடிக்கிற மாசம் மகள், உள்ளுக்கு வைப்பம்" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அந்தக் காற்றுக்காகவே வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பாய வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷெரினுக்கோ மணலும் கடலும் போட்டோவில் விழ வேண்டும்.

கேக் வெட்டி முடிந்தது. "அம்மா அப்பா வாங்க!" என்று போட்டோக்காரப் பொடியன் கூப்பிட்டான். ஷெரினுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் சவிரி. அப்போது அடித்தது பாருங்கள் ஒரு காற்று! ஷெரினின் தலையில் இருந்த மணப்பெண் முக்காட்டு வலை பறந்து வந்து என் கொண்டையில் சிக்கியது. அவள் பதறிப்போய் இழுத்தாள். வலையோடு என் வலப்பக்கக் கிளிப்பும் போனது. பிளாஸ்டர் பிய்ந்து கழுத்தில் தொங்கியது. வலப்பக்கக் கன்னம் தன் பழைய இடத்துக்கு இறங்கி ஆறுதலாக உட்கார்ந்துகொண்டது. இடப்பக்கம் இன்னும் கலியாணப் பெண்தான். சரியாக அந்த நொடியில் போட்டோக்காரன் பட்டனை அமத்தினான்.

நான் பிளாஸ்டரை வலது கைக்குள் பொத்தி, முந்தானைக்குள் ஒளித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று மூச்சுவிட்டு நிமிர்ந்தால், சவிரி பேயைக் கண்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெற்றி," என்றார், "எனக்கு ஒருக்கா சிரிச்சுக் காட்டு."

ஆறு வருடத்துக்குப் பிறகு பக்கத்தில் நின்று கேட்கிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வலியைப் பாராமல் முழுச் சிரிப்பாகவே சிரித்தேன். இடப்பக்க வாய் காதுவரை போனது. வலப்பக்கம் வரவில்லை.

"கையத் தூக்கு. ரெண்டு கையும்!"

இடது கையைத் தூக்கினேன். வலது கையைத் தூக்கினால் பிளாஸ்டர் வெளியில் வரும். எப்படித் தூக்குவேன்?

"ஐயோ ஆண்டவரே, கையும் போச்சு! பாரிசவாதம்! சிஞ்ஞோராவுக்கும் இப்பிடித்தான் வந்தது! வாகனத்தக் கொண்டு வாங்க!"

அந்த வேலைக்கு அவருக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வருத்தக்காரியைச் சிரிக்கச் சொல்ல வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், கதைக்கச் சொல்ல வேண்டும். நான் மூன்றிலும் தவறினேன். "எனக்கு ஒண்டுமில்ல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டதில் அது "எங்கு ஒங்குமிங்ங" என்று வந்தது. அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். அடுத்த நிமிடம் செபமாலை தொடங்கிவிட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் கையை விரித்துக் காட்டுவதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைத்தேன். அதற்கும் உடனே ஏற்பாடு நடந்தது. பங்குத்தந்தை கோழிக்காலை வைத்துவிட்டுக் கையைக் கழுவி, காரிலிருந்து சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மெற்றில்டா, பாவசங்கீர்த்தனம் செய்ய ஏலுமா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவளுக்குக் கிடைக்கும்? காதோடு காதாகச் சொன்னால் வெளியில் போகவே போகாது. நான் ஆவலோடு தலையாட்டத் தொடங்குவதற்குள் அக்கா குறுக்கே விழுந்தாள். "அவவால கதைக்க ஏலாது ஃபாதர்! நீங்க பூசுங்க!" பூசினார். மகளின் கலியாணத்தில், பட்டுச்சேலையோடு, உடம்பில் ஒரு தலைவலிகூட இல்லாமல் அவஸ்தைப்பூசுதல் வாங்கிய ஒரேயொரு தாய் நானாகத்தான் இருப்பேன். கூட்டத்துக்குப் பின்னால் பாயிஸா நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கார்களெல்லாம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மணலில் நின்றன. உடனே எடுக்கக்கூடியதாக இருந்தது ஹோட்டலுக்கு ஐஸ் கொண்டுவந்த மீன் லொறிதான். என்னைத் தூக்கி அதற்குள் போட்டார்கள். சவிரி ஏறி என் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். கதவு பாதி திறந்தபடி லொறி கிளம்பியது.

உள்ளே ஒரே மீன் வாடை. என் முகத்தில் சொட்டுச் சொட்டாக எதுவோ விழுந்தது. ஐஸ் கரைகிறதாக்கும் என்று நினைத்தேன். சூடாக இருந்தது.

"ஆண்டவரே," என்று சவிரி தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார், "வாய் கோணினா கோணட்டும். நடக்க ஏலாட்டி நான் தூக்குறன். ஆரோ ஒரு கிழவிக்கு ஆறு வருசமா ஊட்டி விட்டன். என்ட பொண்டாட்டிக்கு ஊட்ட மாட்டனா? ஆள மட்டும் எடுத்துப் போடாத. நான் இன்னும் வடிவாப் பாக்கக்கூட இல்ல."

அப்போதுதான் நான் அவரைப் பார்த்தேன். தலையில் ஒரு மயிர் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒரு கடைவாய்ப் பல்லைக் காணோம். என் சவிரி கிழவனாகிவிட்டிருந்தார், நான் காலையிலிருந்து பக்கத்தில் நின்றும் அதைக் காணவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மானம் போனால் போகட்டும் என்று இடப்பக்கத்துப் பிளாஸ்டரைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தேன். அந்தக் கன்னமும் இறங்கியது.

சவிரி வீரிட்டார். "ஐயோ, மற்றப் பக்கமும் போச்சே!"

"கத்தாதீங்க!" என்றேன். இப்போது வாய் ஒழுங்காக வேலை செய்தது. "இஞ்ச பாருங்க." இரண்டு கையையும் விரித்து, ஒரு சோடிப் பிளாஸ்டரை அவர் மடியில் வைத்தேன். பில்டரைச் சொன்னேன், கொழும்பைச் சொன்னேன், எடுத்த திகதியைச் சொன்னேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் பிளாஸ்டரை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் பிளாஸ்டரைப் பார்த்தார்.

"விசரி," என்றார். பிறகு லொறிச் சுவரில் கையால் அடித்து நிறுத்தச் சொன்னார். பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார், ஐஸ் பெட்டியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னால் செபமாலையோடு வந்துகொண்டிருந்த வாகனங்களெல்லாம் வரிசையாக நின்றன. முதலாவது வாகனத்திலிருந்து குதித்து ஓடிவந்த அக்கா, சிரிக்கும் மனுசனையும் இரண்டு பக்கமும் தொங்கிய என்னையும் கண்டு, "முடிஞ்சுதா?" என்று ஒப்பாரி வைத்தாள்.

திரும்பிப் போய் எல்லோருக்கும் முன்னால் பிரியாணி சாப்பிட்டேன். வேறென்ன செய்வது? மாப்பிள்ளையின் அம்மா மெல்லப் பக்கத்தில் வந்து, அந்தப் பிளாஸ்டர் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். பூசிய எண்ணெயை என்ன செய்வதென்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். "குடுத்தத நான் திருப்பி எடுக்க ஏலாது. இனி நோய் வருத்தம் வராமப் பாத்துக்கொள்ளுங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் தடிமன் வந்தாலும், "முதல்ல ஒருக்கா இழுத்துப் பாருங்க, கழருதா எண்டு" என்பதுதான் வைத்தியம். என்னைப் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அக்கா, "ரெண்டு பக்கமும் இருக்கா?" என்று கத்துவாள்.

கொழும்புத் திகதி என்னவாயிற்று என்கிறீர்களா? சவிரி வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன்ட மூஞ்சி, உன்ட விருப்பம். செய்யிறதெண்டா நான் நிக்கேக்க செய். வீங்கின மூஞ்சியையும் நான் பாக்கோணும். பாக்காம விட்டதே போதும்" என்றார். நான் திகதியைத் தள்ளிப்போட்டேன், பிறகு இன்னொருக்கா தள்ளிப்போட்டேன். ஆசை செத்துவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடியில் அந்த டொக்டர் காட்டிய முகம் சிலவேளை நினைவுக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் போனில் பில்டர் போடுவதில்லை. அவரும் தொப்பி போடுவதில்லை. இரண்டு கிழடுகளும் உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டு கதைக்கிறோம்.

அந்தப் போட்டோவை, ஒரு பக்கம் கலியாணப் பெண்ணும் மறுபக்கம் கருவாடுமாக நான் நிற்கும் அந்தப் போட்டோவை, கிழித்துப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் அதைச் சட்டம் போட்டு இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டார். போன கிழமை கதைக்கும்போது சொன்னார், யார் இது என்று சிஞ்ஞோரா கேட்டாராம். சவிரி இளமைப் பக்கத்தைப் பெருவிரலால் மறைத்து, "என்ட மனிசி" என்று காட்டினாராம்.

"அப்ப மற்றப் பக்கத்த ஆர் எண்டு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அதா?" என்றார். "அது கலியாணத்துக்கு வந்த ஆரோ ஒரு பொம்பிள."