இரண்டு வினாடியில் புகையான மாப்பிள்ளை

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் எல்லாருக்கும் ஒரு கிறுக்கு பிடிக்கும். சிலருக்குப் பூ, சிலருக்குப் பூனை. எனக்குப் பிடித்தது அருவி. ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடினால் ஓடும் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி விழும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டேன். (அதற்கப்புறம் பொம்மனஹள்ளியில் எங்கள் தெருக்குழாயைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.)

அந்தச் சமயம் பார்த்து செல்வி அக்காவுக்கு நிச்சயதார்த்தம் கூடிவந்தது. மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸுக்குப் படம் நான்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்து, அக்காவையும் மாப்பிள்ளை பிரபு மாமாவையும் ஊருக்கு வெளியே ஓர் அருவிக்கு இழுத்துப் போனேன்.

அரை வினாடி போதும் என்றுதான் வீடியோவில் சொன்னார்கள். அரை வினாடிக்கே பட்டு என்றால் இரண்டு வினாடிக்குக் காஞ்சிபுரம் பட்டே வருமே! வெளிச்சம் மிஞ்சிப்போகாமலிருக்க லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, பாறைமேல் நின்ற இருவரையும் மூச்சுவிடக் கூடாது என்று மிரட்டினேன். அக்கா சிலையாக நின்றாள். மாமாவோ அந்த இரண்டு வினாடிக்குள் சாரலில் நடுங்கி, தலையைச் சொறிந்து, ஒரு தும்மலும் போட்டார். நான் அதையெல்லாம் எங்கே பார்த்தேன்? தண்ணீர் பால் மாதிரி வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் படத்தை யாருக்கும் காட்டாமல் நேரே ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டேன். கடைக்காரர் தன் பங்குக்குச் சுற்றிலும் ரோஜா வைத்தார்.

நிச்சயத்தன்று காலை ஆஸ்டின் டவுன் மண்டப வாசலில் பார்த்தால், அக்கா பளிச்சென்று சிரிக்கிறாள். பக்கத்தில் மாமா முகம் கலைந்து, உடம்பு புகையாகி, பின்னாலிருக்கும் பாறை தெரிய, வெள்ளை மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறார். அசல் கண்ணீர் அஞ்சலி பேனர். எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் "பாப, சிக்க வயசு" (பாவம், சின்ன வயசு) என்று கன்னடத்தில் உச்சுக்கொட்டி, ஒரு மாலையே வாங்கிவந்து மாட்டிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கோலார் தங்கவயலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாமாவின் அம்மா பேனரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பக்கத்தில் உயிரோடு நின்ற மகனைப் பார்த்தார். தட்டை இறக்காதீர்கள், வண்டியைத் திருப்புங்கள் என்றார். அக்கா அழ ஆரம்பித்தாள். என்னால் அவள் கல்யாணம் நின்றுபோகப்போகிறதே என்று, அவர் காலில் விழாத குறையாக, இது சாவு இல்லை, ஷட்டர் என்றேன். ஷட்டர் திறந்திருக்கும்போது ஆடாமல் நின்றவர்கள் தெளிவாக வருவார்கள், ஆடினவர்கள் தண்ணீரோடு கரைந்துபோவார்கள் என்று விளக்கினேன்.

அவர் பேனரை மறுபடி பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"ரெண்டு செகண்ட் சும்மா நிக்க முடியலையாடா உன்னால? அந்தப் பொண்ணைப் பாரு, எப்படி நிக்கிது. உன்னைக் கட்டி மேய்க்க இவதான் சரி. தட்டை இறக்குங்க."

கல்யாணத்துக்கு வேறு ஆள்தான் படம் எடுத்தார். கேமராவோடு போன என்னைப் பந்தியில் நிறுத்தி, "உனக்குத் தண்ணின்னாதானே உசுரு" என்று ஜக்கைக் கையில் கொடுத்தார் புகை மாமா. (ஆமாம், அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. பீடிகூடத் தொட்டதில்லை, பாவம்.) போன மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. புதுக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலிலேயே அவருடைய அம்மா ஜக்கோடு நின்றிருந்தார்.